சோடாவின் எடை

தையல்காரர் டயாலிசிஸ் வார்டுக்குள் நுழைந்தபோது ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. போன வாரம் வரை அது 'சோடா'வின் கட்டில். கிட்னி போனவன் சொட்டுச் சொட்டாக நக்க வேண்டிய தண்ணீரை அண்டா அண்டாவாகக் கவிழ்த்த மகானுபாவன். எடை பார்க்கும்போது சுவரில் கையை ஊன்றினால் எண் குறையும், மிஷினும் குறைவாகத்தான் நீரை உறிஞ்சும் என்ற வித்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே தையல்காரர்தான். மிச்ச நீர் நுரையீரலில் ஏறி, சோடா உட்கார்ந்தபடியே மூழ்கிப்போனான்.

"காத்தோட்டமான இடம், எனக்கே குடுங்க சிஸ்டர்" என்று பல்லிளித்தார் தையல்காரர்.

இன்று அவர் யோக்கியர். அவருக்கும் நுரையீரலில் ரத்த அழுத்தம் எக்குத்தப்பாக ஏறிக் கிடந்தது. "அடுத்த எக்கோ ஸ்கேன்ல அது இறங்கலைன்னா, உங்க தங்கச்சி கிட்னி குடுத்தும் பிரயோஜனமில்ல. ஆபரேஷனை நெஞ்சு தாங்காது" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தண்ணீரை அவர் மோந்துகூடப் பார்க்கவில்லை. நாக்கில் தீக்குச்சி உரசலாம். இன்றுதான் அந்த எக்கோ.

கையைக் கட்டிக்கொண்டு எடை மிஷினில் ஏறினார்.

"என்ன பெரியவரே, ஆத்தையே குடிச்சிட்டு வந்தீங்களா?"

"சத்தியமா இல்லம்மா!"

இறங்கி ஏறினார். இன்னும் கூடியது.

பிடரியில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

கர்ர்... கர்ர்... சளி கொதிக்கும் சத்தம்.

"இத்தனை நாள் சுவத்தப் புடிச்சு ஏமாத்தினது இன்னிக்கு வெளுத்துப்போச்சு" என்ற நர்ஸ், அத்தனை எடையையும் எடுக்கச் சொல்லி மிஷினை முடுக்கினாள்.

மிஷின் உறிஞ்சியது. கெண்டைக்கால் பிழிந்த துணியாக முறுக்கியது. கன்னம் பல்லோடு ஒட்டியது.

"போதும் சிஸ்டர்..."

"சும்மா படுங்க. எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க."

காதுக்குள் வேறொரு குரல் கிசுகிசுத்தது: "உன் தண்ணிய எடுத்தாச்சுண்ணே. எனக்கு எடம் கெடைச்சுது."

எக்கோ அறை வாசலில் தங்கை துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். "தைரியமா போண்ணே. நான் இருக்கேன்ல?"

டெக்னீஷியன் அவர் நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவித் திரையைப் பார்த்தான். முகம் சுளித்தான்.

"உடம்பு சருகாட்டம் காஞ்சு கெடக்கு, அழுத்தம் மட்டும் எப்படி இவ்வளவு ஏறுச்சு? இதோட ஆபரேஷனுக்கு விடமாட்டாங்களே. மூச்ச அடக்குங்க, மறுபடி பாக்கறேன்."

அடக்கினார்.

"அடக்குங்கன்னேன்ல!"

தையல்காரர் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டார். கண் பிதுங்கியது.

நெஞ்சு மட்டும் நிதானமாக, சொகுசாக, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.