துண்டுக்கு அடியில்

அந்த ஐப்பசியில் முக்கூடல் பக்கம் ஓர் ஆயுசின் விலை நூற்றைம்பது ரூபாய்.

தடுப்பூசி போட்ட மாட்டின் காதில் அரசாங்கம் குத்திவிடும் மஞ்சள் தோடுதான் சரக்கு. செத்த மாட்டின் காதிலிருந்து அதை அறுத்துக் கழுவி, ஊசியையே கண்டிராத மாட்டின் காதில் ஏற்றிவிட்டால் அந்த மாட்டுக்கு ஆயுசு கெட்டி. வழிமறிக்கிற அதிகாரிகள் தோட்டைப் பார்ப்பார்கள். மாட்டை எவன் பார்க்கிறான்? மொத்தமாக எடுத்ததால் தரகன் வன்னியராஜுக்கு நூற்றிருபதுக்குப் படிந்தது. சாவிலும் தள்ளுபடி வாங்கிய திருப்தியில் அவன் ஒரு டீ கூடுதலாகக் குடித்தான்.

ஊரில் காணை விழுந்திருந்தது. வாயும் குளம்பும் வெந்து, நாக்குத் தோல் உரிந்து, எச்சில் நூல் நூலாக வடிய, தின்னவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் மாடு நின்றுவிடும் நோய். ஒரு தொழுவிலிருந்து அடுத்த தொழுவுக்குக் காற்றோடு போய்விடும். சந்தையை மூடிவிட்டார்கள். மாட்டை ஊர் விட்டு ஊர் ஓட்டக்கூடாது என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். மாட்டு விலை மண்ணில் விழுந்துவிட்டது என்பதை இவ்வளவு சத்தமாக, அதுவும் அரசாங்கச் செலவில், வேறு யார் அறிவிப்பார்கள்? வன்னியராஜ் அன்றே போய் ஒன்பது மாடு பிடித்தான். கையிலிருந்த காசு முழுவதும் அதில் இறங்கியது.

கடைசி மூன்று மாடு மாரிக்கண்ணு என்பவள் வீட்டில்.

"அண்ணாச்சி, டாக்டரம்மா கட்டிப்போட்டு வைத்தியம் பாக்கச் சொல்லுதாங்க. பொழைச்சிரும்ங்காங்க."

"பொழைக்கும்ளா. பொழைச்சு உனக்குப் பென்சன் வாங்கித் தரும். நாளைக்கு நாறப்போறதுக்கு இன்னைக்கு வெல சொல்லுதேன், மூஞ்சியத் தூக்கிட்டு நிக்க!"

அவள் புருஷன் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு கையை நீட்டினான். மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு கைகளின் மேலும் ஒரு துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் ஒன்று, முழுக் கை ஐந்து. பிடி இறுகினால் பேரம் முடிந்தது, அதற்குமேல் பின்வாங்கப் பிரம்மனாலும் முடியாது. வன்னியராஜ் எவன் முகத்தையும் பார்த்து விலை பேசியவனில்லை. முகம் நடிக்கும், விரல் நடிக்காது என்பது அவன் கட்சி. மாரிக்கண்ணு புருஷனின் விரல்கள் எதிர்த்து இழுக்கவில்லை. அதில் இரண்டைப் பிடித்துத் திருகி, அந்த விலைக்கே முடித்தான்.

விடியுமுன் நாலைந்து குட்டியானை வண்டிகளில் ஏற்றி, ஸ்ரீவைகுண்டத்துக்கு இந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிய வாழைத்தோட்டத்துக்குள் அவனுக்கிருந்த தகரக் கொட்டகையில் கொண்டுவந்து அடைத்தான். முன்பு வாழைத்தார் அடுக்கிய இடம். சாயங்காலம் லாரிக்காரன் ஜாஸ்பர் வந்துவிட்டால், பொழுது விடிய மாடுகள் மலை தாண்டி அடுத்த மாநிலம் போய்விடும். வராவிட்டால் வெந்த குளம்போடு அவை படுத்துவிடும். படுத்த மாட்டை ஏற்ற முடியாது. காசு அத்தனையும் சாணியோடு சாணி.

மத்தியானமே இருட்டிவிட்டது. மழை தகரத்தின்மேல் அரிசி கொட்டுவதுபோல் விழுந்துகொண்டிருக்க, வாழைமட்டை அழுகிய வாசமும் ஆற்றுச் சேற்றின் வாசமும் புண்பட்ட வாய்களின் இனிப்பான நாற்றமும் கலந்து கொட்டகைக்குள் கம்பளிபோல் தொங்கின. வாசலில் கயிற்றுக்கட்டிலில் கிடந்த வன்னியராஜ் அந்தச் சத்தத்தைக் கேட்டான்.

சப்.

புண்ணான வாயைக் காணை மாடு சப்புக் கொட்டும். புதிதில்லை. ஆனால் ஒன்பது வாய் இருந்தால் சத்தம் முன்னும் பின்னுமாகக் கலைந்து வரவேண்டும். இது ஒரே சத்தமாக, ஒழுங்காக, ரசித்துச் சாப்பிட்டவன் கடைசியில் சப்புக் கொட்டுவதுபோல், பின்சுவர் மூலையிலிருந்து வந்தது.

எழுந்து எட்டிப்பார்த்தான். ஒன்பது மாடும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த மூலையைப் பார்த்தே நின்றன. ஒன்றுகூட வாயை அசைக்கவில்லை.

"சவத்து மூதிகளா, அங்கன என்ன சினிமாவா ஓடுது?"

கைபேசி அடித்தது. ஜாஸ்பர்.

"வே, வண்டி வராது. பாலத்துல மாட்டு டாக்டருங்க ஜீப்பக் குறுக்க விட்டு மறிச்சு நிக்காங்க. தோட்ட மட்டும் பாக்கல. வாயத் தொறந்து பாக்காங்க வே, வாய!"

"ஏலே, ரெண்டு நூறு சேத்துத் தாரேன், சுத்திக்கிட்டு வா."

"ரெண்டு நூறா? ஒம்ம தோட்ட ஒம்ம காதுலயே குத்திக்கிட்டு மலைக்கு நடந்து போரும்."

வைத்துவிட்டான். வன்னியராஜ் அவன் பரம்பரையையே ஒரு சுற்றுத் திட்டி முடிப்பதற்குள் மறுபடி அடித்தது. மாரிக்கண்ணு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"அண்ணாச்சி, காலைல நீங்க அனுப்புன ஆளு என்ன வெல பேசிட்டுப் போனாரு?"

"நான் எவனையும் அனுப்பலையே."

"தலையில சாக்கக் கவுத்துக்கிட்டு ஒருத்தரு வந்தாரு. பேசவே இல்ல. துண்டப் போட்டாரு. எங்க வீட்டுக்காரரு, நீங்க அனுப்புன ஆளுன்னு நெனச்சுக் கையக் குடுத்தாரு. அப்போ புடிச்சு அவரு வாயத் தொறக்க மாட்டேங்காரு. சோறு எறங்கல. எச்சி வடிஞ்சுக்கிட்டே இருக்கு. பாதம் வெந்து கெடக்கு, அண்ணாச்சி."

"எந்த மாட்ட வெல பேசுனான்?"



"அதத்தான் கேக்கேன். தொழுவுல ஒண்ணுமில்லையே. எல்லாத்தையும் நீங்கதான ஓட்டிட்டுப் போயிட்டீங்க."

தொடர்பு அறுந்தது. வன்னியராஜ் காறித் துப்பினான். பட்டிக்காட்டு மூளை. விற்றபின் விலை பற்றவில்லை, அதற்கு ஒரு பேய்க்கதை. இன்னும் நூறு ரூபாய் கறப்பதற்கு இந்த ஜென்மங்களுக்குப் புருஷனையே நோயாளியாக்கத் தெரியும். ஆனாலும் சாக்குத் தலையன் யார்? எதிர்வியாபாரி எவனோ ஆள் விட்டு வேவு பார்க்கிறான்.

சப்.

இப்போது அருகில்.

மாடுகள் இரண்டு பக்கமும் ஒதுங்கியிருந்தன. மாரியம்மன் சப்பரத்துக்கு ஒதுங்குகிற கூட்டம்போல், நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி விட்டு. வழியின் கோடியில், பின்சுவர் மூலையில், தலையில் ஈரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் குந்தியிருந்தான். கொட்டகைக்கு ஒரே வாசல். அதை அடைத்துக்கொண்டுதான் வன்னியராஜ் காலையிலிருந்து கிடந்தான்.

"எவம்லே அது?"

சாக்கு மெல்ல ஆடியது. சாக்குக்குள்ளிருந்து ஒரு பழந்துண்டு நீண்டது. துண்டுக்கடியில் கை.

ஓடியிருக்கலாம். வாசல் பின்னால் திறந்துதான் கிடந்தது. ஆனால் வன்னியராஜ் கணக்குப் போட்டான். லாரி இல்லை. மாடு படுக்கப்போகிறது. ஊரே தொடப் பயப்படுகிற சரக்கைத் தேடி ஒருவன் மழையில் வந்து துண்டைப் போடுகிறான் என்றால், அவன் கடவுள் அல்லது முட்டாள். இருவரிடமும் காசு வாங்கலாம். மாடுகள் விட்ட வழியில் நடந்துபோய், பயத்தை ஒரு கையால் தள்ளி, மறு கையைத் துண்டுக்கடியில் நுழைத்தான்.

சூடு. காய்ச்சல்காரனின் சூடு. சொரசொரத்த, ஈரமான தோல். விரல் தேடினான். தடித்த இரண்டு அகப்பட்டன, நடுவில் ஆழமாக ஒரு பிளவு. வைக்கோல் வெட்டும் எந்திரத்தில் கொடுத்திருப்பான் மடையன் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த இரண்டும் அவன் ஒரு விரலைக் கவ்வின. பிறகு இரண்டை. மூன்றை. விலை ஏறியது. எதிராளி தானாகவே ஏற்றிக்கொண்டு போனான். முப்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு பேயனைப் பார்த்ததில்லை. நான்கு. முழுக் கை. பழக்கம் அவனை முந்திக்கொண்டது. விலை உச்சத்தில் நிற்கும்போது விடக்கூடாது.

இறுக்கிப் பிடித்தான்.

பேரம் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் கேட்டான், சிரித்துக்கொண்டே. "எந்த மாட்டுக்குவே இந்த வெல?"

துண்டு அசையவில்லை. சாக்குக்கடியிலிருந்து இன்னொன்று நீண்டு வந்தது. பையப் பைய. அவன் மேலுதட்டைத் தூக்கியது. வயசு பார்க்க மாட்டின் வாயைப் பிளப்பானே, அதே லாகவம். பல் பல்லாகத் தடவியது. கடைவாய் வரை போனது. நாக்கை ஒதுக்கிப் பார்த்தது.

கையை இழுத்தான். வரவில்லை.

கத்தினான். சத்தம் வரவில்லை. உதட்டோரம் சூடாக ஏதோ வழிந்தது. நூலாக. பாதத்தில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. வலக்காலைத் தூக்கினான். வைத்தான். இடக்காலைத் தூக்கினான்.

ஒன்பது மாடும் திரும்பி அவனைப் பார்த்தன. சந்தையில் அடுத்த கயிற்றில் புதிதாக வந்து நிற்பதைப் பார்க்கிற பார்வை.

சப். அவன் வாயிலிருந்துதான்.

பிடி தளர்ந்தது. துண்டு தானாகச் சரிந்தது. உள்ளங்கையில் சூடாக எதுவோ ஒட்டிக்கிடந்தது. வெள்ளையாக, சொரசொரப்பாக, ஆமவடை அகலத்துக்கு ஒரு தோல். உரிந்த நாக்குத் தோல். காணையில் எத்தனையோ பார்த்தவன். ஆனால் இது சின்னது. நுனி மெலிந்தது. அதில் வெற்றிலைக் கறை சிவப்பாகப் படிந்திருந்தது. மாடு வெற்றிலை போடுவதில்லை.

எதிரே சாக்கு நிமிர்ந்து எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. தகரத்தில் முட்டிக் குனிந்தது.

வியாபார நியாயப்படி கணக்கு இவ்வளவுதான்: ஒன்பது மாடும் நின்ற இடத்தில் நிற்கின்றன. முன்பணம் கைக்கு வந்துவிட்டது. சரக்கு பாக்கி.