கதவுக்கு முட்டுக்கொடுத்த பெட்டி

மேவிஸ் பள்ளி இசைக்குழுவில் முக்கோணம் தட்டுபவள். வளைந்த கம்பி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் எல்லோரும் வாசித்து முடிக்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும். கடைசியில் ஆசிரியை கண்ணைக் காட்டுவார். 'டிங்!' ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான்.

சொந்தமாகக் கருவி இருப்பவர்கள் அதை வாசிக்கலாம். இல்லாதவர்களுக்குத்தான் முக்கோணம். மேவிஸுக்குக் கை வலித்ததுதான் மிச்சம்.

அதனால் அவளுடைய பிறந்தநாளுக்கு அடுத்த சனிக்கிழமை, அப்பா அவளை நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த பெரிய இசைக்கருவிக் கடைக்கு அழைத்து வந்தார். அப்பாவுக்கு நகரப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் வேலை.

"உள்ள போறோம், பிடிச்சத எடுக்கறோம், வெளிய வர்றோம்," என்றார் அப்பா. "பத்து நிமிஷ வேலை."

கடை ஒரு விமானக் கொட்டகை அளவுக்கு இருந்தது. சுவர் முழுக்க, கூரை வரைக்கும் கிட்டார்கள். ஐந்தாறு பையன்கள் ஆளுக்கொரு மின்சார கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாட்டை ஒரே நேரத்தில் அலறவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேவிஸுக்கு மேல் வரிசையில் தொங்கிய சின்ன நீல கிட்டார் பிடித்திருந்தது.

"அந்த நீலத்த எடுத்துத் தர்றீங்களா?" என்று கிட்டார் பகுதியில் நின்ற ஆளிடம் கேட்டாள்.

"ஏணி வேணுமே. ஏணி டிரம்ஸ் பக்கம் இருக்கு."

டிரம்ஸ் பக்கம் போனார்கள். அங்கே கடை ஆள் யாரும் இல்லை. டிரம் ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர், "ஏணியா? இப்பதான் கிட்டார் ஆளு தூக்கிட்டுப் போனாரு," என்றார்.

சரி, கீபோர்டு பார்க்கலாம் என்று போனார்கள். நீளமான மேசையில் வரிசையாகக் கீபோர்டுகள். மேவிஸ் ஒரு கட்டையை அமுக்கினாள். சத்தமே இல்லை. அடுத்ததிலும் இல்லை. எதிலுமே இல்லை.

"ஒயர் மாட்டலையே?" என்று அங்கிருந்த மீசைக்காரரிடம் கேட்டாள்.

"ஒயர் பெட்டிக்குள்ள இருக்கும் பாப்பா. வாங்கினாத்தான் பெட்டியத் திறப்போம்."

"கேட்டுப் பாத்தாத்தானே வாங்கலாமா வேண்டாமான்னு தெரியும்?"

மீசைக்காரர் யோசித்தார். "நீ சொல்றது நியாயந்தான்," என்றார். தொலைபேசி மணி அடித்தது. எடுக்கப் போனவர் திரும்பி வரவே இல்லை.

அப்பா அங்கிருந்த ஒலிபெருக்கி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இந்நேரத்துக்கு நான் ஒரு பஸ் எஞ்சினையே கழட்டி மாட்டியிருப்பேன். கிளம்பலாமா கண்ணு?"

"இன்னும் கொஞ்ச நேரம்பா. கழிவறைக்கு மட்டும் போயிட்டு வந்துடறேன்."

கழிவறைக்குப் போகும் வழியில் சரக்கு அறை இருந்தது. அதன் கனமான கதவு மூடிக்கொள்ளாமலிருக்க, கீழே கறுப்பாக ஒரு பெட்டியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். மேவிஸின் செருப்பு நுனி அதில் இடித்தது.

'ஙொய்ய்ங்...'

மேவிஸ் நின்றாள். மறுபடி மெல்ல உதைத்தாள். பெட்டிக்குள்ளிருந்து மறுபடியும் அதே சத்தம்.

கதவை முதுகால் தாங்கிக்கொண்டு, குனிந்து பெட்டியின் கொக்கியை விலக்கினாள். உள்ளே ஒரு பக்கம் சரிவாக வெட்டிய பலகை போல ஏதோ ஒன்று. அதன் மேல் நெருக்கமாக நிறையக் கம்பிகள். அந்தக் கம்பிகளுக்குக் குறுக்கே பாலம் போட்ட மாதிரி பல சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு பொத்தான்.

கிட்டாரா? கழுத்தே இல்லை. கீபோர்டா? அதற்கு எதற்குக் கம்பி?

பொத்தான் ஒன்றை அமுக்கினாள். 'தப்' என்று அமுங்கியது. வேறு சத்தமே இல்லை.

"என்ன பண்றே அங்க?"

திரும்பினாள். இளம்பெண் ஒருத்தி கையில் டிரம் குச்சிகளோடு நின்றிருந்தாள். முன்முடியில் ஒரு கற்றை மட்டும் ஊதா நிறம். சட்டையில் 'ட்ரூடி, டிரம்ஸ் பிரிவு' என்று எழுதியிருந்தது.

"இது என்னக்கா?"

"என்னது?" ட்ரூடி காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினாள். "நாள் பூரா டிரம் சத்தம், அதான். என்ன கேட்டே?"

"இது என்னன்னு கேட்டேன்."

"அது கதவு முட்டு," என்றாள் ட்ரூடி. பிறகு எட்டிப் பார்த்தாள். "அட, உள்ள ஏதோ இருக்கு! நான் வேலைக்குச் சேந்ததுலேர்ந்து இது இங்கயேதான் கிடக்குது. தொறந்துகூடப் பாத்ததில்ல."

அவளும் தரையில் உட்கார்ந்து, தன் தோளைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். ஒரு பொத்தானை அமுக்கினாள். இன்னொன்றை அமுக்கினாள். "செத்துப்போச்சு. பேட்டரி போடணுமோ?"

மேவிஸ் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துச் சுற்றிலும் பார்த்தாள். பேட்டரி போடும் இடமே இல்லை. கம்பிகளின் மேல் விரலை ஓட்டினாள். எல்லாக் கம்பிகளும் ஒன்றாகச் சேர்ந்து, பாத்திரக்கடையில் பூனை புகுந்த மாதிரி சத்தம் போட்டன.

"ஐயையே!" என்றாள் ட்ரூடி.

மேவிஸ் கன்னத்தைத் தரையோடு வைத்து, சட்டங்களுக்கு அடியில் பார்த்தாள். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் மெத்தென்ற கம்பளித் துணி ஒட்டியிருந்தது. ஆனால் முழுதாக இல்லை. அங்கங்கே வெட்டிவிட்ட மாதிரி இடைவெளி.

"அக்கா, துணியில ஏன் ஓட்டை விட்டிருக்காங்க?"

"எலி கடிச்சிருக்கும்."

"எலி இவ்வளவு ஒழுங்காவா கடிக்கும்?"

மேவிஸ் ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். சட்டம் இறங்கியது. துணி சில கம்பிகளின் மேல் படிந்தது. இடைவெளி இருந்த இடத்துக் கம்பிகள் மட்டும் தொடப்படாமல் நின்றன. விரலை எடுக்காமல், மறு கையால் கம்பிகளை வருடினாள்.

இந்த முறை பூனை புகவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து 'ஆ' என்று பாடுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. சுருதி கொஞ்சம் கோணல்தான். ஆனால் சேர்ந்து ஒலித்தது.

வேறு பொத்தான், வேறு 'ஆ'.

"அக்கா! இது சத்தம் போடற பொத்தான் இல்ல. வேண்டாத கம்பிய எல்லாம் வாய மூடச் சொல்ற பொத்தான்! மிச்சம் இருக்கறது மட்டும் பாடுது!"

ட்ரூடி டிரம் குச்சிகளைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவ பண்ணு."

மேவிஸ் இன்னொரு தடவை பண்ணினாள். அப்புறம் இன்னும் பல தடவை. நீல கிட்டார் அவளுக்கு மறந்தே போயிற்று.

"எனக்கு இதுதான் வேணும்," என்றாள்.

இருவரும் அதைப் பெட்டிக்குள் வைத்துக் கல்லாவுக்குத் தூக்கிப்போனார்கள். அப்பாவும் எழுந்து வந்தார். ட்ரூடி கணினியில் தட்டினாள். திரையில் பச்சை எழுத்துகள் ஓடின.

"எண் கேக்குது. பெட்டியில எண்ணே இல்ல." மறுபடி தட்டினாள். "பேரு கேக்குது. பேரு தெரியாது." இன்னும் தட்டினாள். "கிட்டாரா, டிரம்மா, கீபோர்டா, மைக்கான்னு கேக்குது. ஏதாவது ஒண்ணச் சொல்லாம விடாதாம்."

"எதுவுமே இல்லையே," என்றாள் மேவிஸ்.

"அப்படின்னா இப்படி ஒரு பொருளே உலகத்துல இல்லங்குது."

"இதோ இருக்குதேம்மா!" என்று அப்பா பெட்டியைத் தட்டினார். 'ஙொய்ய்ங்' என்றது அது.

ட்ரூடி சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. இல்லாத பொருள் எப்படிக் காணாமப் போகும்? ஒருத்தரும் தேட மாட்டாங்க."

மேவிஸின் கைகள் தாமாகவே பெட்டியை இறுக்கிக்கொண்டன. வாசல் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அப்பா வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"கதவு மூடிக்கிச்சுன்னா, முட்டு எங்கன்னு கேப்பாங்க இல்ல?"

"கேப்பாங்க."

"யாரைக் கேப்பாங்க?"

ட்ரூடியின் கை சட்டைப்பையிலிருந்த சாவியைத் தொட்டது. "என்னைத்தான். சரக்கறைச் சாவி எங்கிட்ட இருக்கு."

மேவிஸ் பெட்டியைக் கல்லா மேலே வைத்தாள். "அப்படி வேண்டாம்க்கா. மேலாளரக் கூப்பிடுங்க."

மேலாளர் ஹாலொவே இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஆட்டோஹார்ப்! இதுவா கதவுக்கு அடியில கிடந்துச்சு? நான் ரெண்டாம் வகுப்பு படிச்சப்ப எங்க டீச்சர் இத மடியில வச்சுத்தான் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாங்க. எங்க கடை வர்றதுக்கு முன்னால இங்க ஒரு சின்னக் கடை இருந்துச்சு. அதுல இருந்த சாமானோட நம்மகிட்ட வந்திருக்கும்."

"அப்ப வாங்கிக்கலாமா சார்?" என்றாள் மேவிஸ்.

"தாராளமா!" என்றவர் கணினியில் பெயரைத் தட்டினார். அவர் உற்சாகம் வடிந்தது. தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டார்.

"ஆட்டோஹார்ப்ங்க... ஆட்டோ இல்லங்க, ஹார்ப்... இல்ல, பிளக் சொருகற ஓட்டை இல்ல... கிட்டார் இல்லங்க... டிரம்மும் இல்லங்க..." வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தார். "கிடங்குக்கு அனுப்பி வைக்கச் சொல்றாங்க. அவங்க பாத்து எண் போட்டுத் தருவாங்களாம். வசந்த காலத்துக்குள்ள."

அது இலையுதிர் காலம். வெளியே இலைகள் இப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருந்தன.

"மன்னிச்சுக்க பாப்பா. எண் இல்லாத பொருள விக்கக் கூடாது. அது விதி."

மேவிஸ் பெட்டியை மெல்ல மூடினாள். அழுகை வராமலிருக்க வேறெங்கோ பார்த்தாள். மேலாளர் சாய்ந்து நின்ற மர நாற்காலி கண்ணில் பட்டது. அவளுக்குள் ஏதோ ஓடியது.

"சார், இந்த நாற்காலிக்கு எண் இருக்கா?"

"இதுக்கா? விக்கற பொருளுக்குத்தான் எண். இது கடையில புழங்கற சாமான்."

"ஒடஞ்சு போச்சுன்னா தலைமை அலுவலகத்தக் கேப்பீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? இதக் குடுத்துட்டு வேற எடுத்துக்குவேன். அது என் பொறுப்பு."

"அப்படின்னா, இந்தப் பெட்டி இத்தன நாளா உங்க கடையில என்ன வேலை பாத்துது சார்?"

மேலாளர் ட்ரூடியைப் பார்த்தார்.

"கதவுக்கு முட்டு," என்றாள் ட்ரூடி. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கடையில புழங்கற சாமான் சார்!"

"நாங்க இதவிட நல்ல முட்டா தர்றோம்," என்றாள் மேவிஸ். "இதக் குடுத்துட்டு அத எடுத்துக்கறீங்களா?"

அப்பா அதற்குள் வெளியே ஓடிவிட்டார். வண்டியிலிருந்து கனத்த ரப்பர் கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டிச் சக்கரம் உருளாமலிருக்க அடியில் வைக்கும் கட்டை.

"பஸ்ஸையே நிறுத்தும் சார்," என்றார். "கதவு எம்மாத்திரம்?"

மேலாளர் அதைச் சரக்கு அறைக்கே எடுத்துப்போய் வைத்துப் பார்த்தார். கதவு அசையவில்லை. காலால் உதைத்தும் பார்த்தார். கால்தான் வலித்தது.

"பழைய முட்டுல ஒரு கோளாறு இருந்துச்சு," என்றார் சிரிக்காமல். "அப்பப்ப சத்தம் போடும். இது தேவலாம். எடுத்துக்க பாப்பா."

சும்மா வாங்கிக்கொண்டு போக அப்பாவுக்கு மனம் வரவில்லை. "காசு வாங்கினா கம்ப்யூட்டர் எண் கேக்கும்," என்று மேலாளர் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் அப்பா, கம்பியை மீட்டும் வில்லைகள் ஒரு பை நிறைய வாங்கினார். அவற்றுக்கு எண் இருந்தது.

சுருதி சேர்க்க வேண்டுமே! ட்ரூடி ஒரு கீபோர்டுப் பெட்டியைத் தானே கிழித்து ஒயரை எடுத்து மாட்டினாள். மேவிஸ் கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கிக் காட்டுவாள். அப்பா தன் கருவிப்பெட்டியில் இருந்த சின்னத் திருகுசாவியால் கம்பியை முறுக்குவார்.

"இன்னும் கொஞ்சம்பா... இன்னும்... ஐயோ, தாண்டிடுச்சு!"

"எஞ்சினவிட மோசமா இருக்கே இது," என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக அவர்தான் விடாமல் முறுக்கினார். கிட்டார் பையன்கள் தங்கள் சத்தத்தை நிறுத்திவிட்டு வந்து சூழ்ந்து நின்றார்கள்.

வீடு திரும்பும்போது மேவிஸ் ஆட்டோஹார்ப்பை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா நெடுஞ்சாலையை விட்டு, மரங்கள் அடர்ந்த உள் தெருக்கள் வழியாக வண்டியை மெதுவாக ஓட்டினார். ஒரு தெருமுனையில் சிவப்பு விளக்கு விழுந்தது.

மேவிஸ் ஒரு பொத்தானை அமுக்கி வருடினாள். பிறகு அடுத்தது. பிறகு முதலில் அமுக்கியதே மறுபடியும். மூன்றும் சேர்ந்து ஒரு பாட்டின் தொடக்கம் போலக் கேட்டது.

பக்கத்துக் காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்த பெண்மணி தன் வானொலியை அணைத்துவிட்டுக் காது கொடுத்தார்.

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் இருந்தவர் பொறுமையிழந்து ஹாரன் அடிக்கும்வரை, அப்பாவும் நகரவில்லை, அந்தப் பெண்மணியும் நகரவில்லை.