மாடு பார்த்த அணிநடை

சுகிர்தாவுக்கு இடது எது, வலது எது என்று தெரியும். ஆனால் கொஞ்ச நேரம் வேண்டும். யாராவது திடீரென்று கேட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

பதினொரு வருடங்களாக இது ஒரு பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. ஒரு திங்கட்கிழமைதான் பிரச்சினையானது.

மலைநாட்டுக் கலஹா ஊருக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இருந்தது அவளுடைய பள்ளிக்கூடம். அங்கே விளையாட்டுப் போட்டிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. போட்டிக்காகப் பிள்ளைகளைச் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று இல்லங்களாகப் பிரித்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த உடற்கல்வி ஆசிரியர் சுஜந்தன் சேர், நீல இல்லத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தார்.

"சுகிர்தா, நீதான் நல்ல உயரம். அணிநடைக்கு நீ தலைவி."

"சேர், எனக்குத் தலைமையெல்லாம் வராது."

"ஓம், ஓம், வரும்" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த இல்லத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

முதல் நாள் பயிற்சி. பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். சுகிர்தா தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினாள்.

"வலப்பக்கம் திரும்பு!"

கத்திய வேகத்திலேயே அவள் இடப்பக்கம் திரும்பினாள். அவள் குரலைக் கேட்டவர்கள் ஒரு பக்கம் போனார்கள். அவளைப் பார்த்தவர்கள் மறு பக்கம் போனார்கள். நடுவில் இளங்கோவின் தலையும் ஸிபானின் தலையும் 'டொக்' என்று மோதிக்கொண்டன. ஸிபானின் காற்சட்டைப் பையிலிருந்த பணிஸ் ரொட்டி கீழே விழுந்து உருண்டது.

"என் பணிஸ்!" என்று ஸிபான் அதன் பின்னாலேயே ஓடினான். அணி கலைந்தது.

சிவப்பு இல்லத் தலைவன் ரமேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுடைய குரல் மலையில் பட்டு எதிரொலிக்கும். அவன் அணி கோடு போட்டது போல நடக்கும்.

"இது அணிநடையா? கோழிக்கூட்டைத் திறந்துவிட்ட மாதிரியில்ல இருக்கு!" என்றான்.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். புதன்கிழமை இன்னும் மோசம். மூன்று பேர் தேயிலைச் செடிக்குள்ளேயே போய்விட்டார்கள்.

'தலைவி என்றால் தப்பே விடக்கூடாது. நான் வாயைத் திறந்தாலே தப்பு. எனக்கு இது வராது' என்று சுகிர்தா முடிவு செய்தாள். நேரே சுஜந்தன் சேரிடம் போனாள். அவர் குனிந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சேர், வேற யாரையாவது தலைவியாப் போடுங்க."

"போட்டிக்கு இன்னும் மூண்டு நாள்தான் கிடக்கு, பிள்ளை. இப்ப ஆரைத் தேடுறது? இந்த வாளியைக் கொஞ்சம் பிடி."

வாளியைப் பிடித்ததுதான் மிச்சம்.

அவள் திரும்பி வந்தபோது நீல அணி மர நிழலில் காத்திருந்தது. இன்றைக்கு என்ன சாக்குச் சொல்லலாம்? தொண்டை வலி நேற்றே சொல்லியாயிற்று. கால் வலி முந்தாநாள் சொன்னது. சுகிர்தாவுக்குச் சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை. அதனால் உண்மையைச் சொன்னாள்.

"எனக்கு அவசரத்துல இடது வலது தெரியாது. அதுதான் எல்லாம் குழம்புது."

சுகிர்தாவின் காது சூடானது.

"எனக்குந்தான் தெரியாது" என்றாள் லோஜினி மெதுவாக.

"என்னது?" இளங்கோ துள்ளி எழுந்தான். "நான் இவ்வளவு நாளும் உன்னப் பாத்துத்தானே திரும்புறேன்!"

"ஐயோ! நான் உன்னப் பாத்துத்தான் திரும்புறேன்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்தாள். "வேற யாருக்கெல்லாம் இப்படி?" என்று கேட்டாள். ஒவ்வொன்றாக ஏழு கைகள் மேலே போயின.

ஏழு பேர்! சுகிர்தாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

"அப்ப நாம ஒரு வழி கண்டுபிடிப்போம்" என்றாள்.

"தேயிலை இருக்கிற பக்கம் வலது, வகுப்பறை இருக்கிற பக்கம் இடது" என்றாள் நிலூஷா. செய்து பார்த்தார்கள். ஒரு தடவை திரும்பியதும் தேயிலை பின்னால் போய்விட்டது. வகுப்பறை முன்னால் வந்துவிட்டது. இப்போது எல்லோருக்குமே குழப்பம்.

"நம்மளோடயே திரும்புற மாதிரி ஒண்ணு வேணும்" என்றாள் சுகிர்தா. "நம்ம கை நம்மளோடதானே திரும்பும்?"

ஸிபான் பணிஸைக் கடித்தபடி, "நான் எப்பவும் இந்தக் கையாலதான் சாப்பிடுவேன்" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

அன்றிலிருந்து வலது கைக்குப் பணிஸ் கை என்று பெயர். இடது மணிக்கட்டில் எல்லோரும் ஒரு நீல நூலைக் கட்டிக்கொண்டார்கள். அது நூல் கை. சுகிர்தாவும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். கத்துவதற்கு முன்பு ஒரு மூச்சு விட்டு, நூலைத் தொட்டுப் பார்ப்பாள். அதன் பிறகுதான் கட்டளை.

வியாழக்கிழமை இரண்டு மோதல்கள்தான் நடந்தன. வெள்ளிக்கிழமை காலையில் ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமை விளையாட்டுப் போட்டி. விடியற்காலையில் மழை கொட்டியது. அணிகள் நடக்கும் பாதைக்கு வலப்பக்கத்தில் போட்டிருந்த மேடை சேற்றில் புதைந்துவிட்டது. சுஜந்தன் சேரும் காவலாளி மூக்கையாவும் ஓடி ஓடி, மேடைப் பலகைகளையும் விருந்தினர்கள் உட்காரும் கதிரைகளையும் பாதையின் இடப்பக்கத்துக்கு மாற்றினார்கள். பழைய இடம் சும்மா கிடந்தது. அங்கே புல் நன்றாக இருந்ததால் மூக்கையாவின் மாடு வந்து மேயத் தொடங்கியது.

கண்டியிலிருந்து பிரதம விருந்தினர் சரோஜினிதேவி அம்மா வந்து அமர்ந்தார். முரசு முழங்கியது. முதலில் சிவப்பு இல்லம் கிளம்பியது.

ரமேஸ் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். மேடைக்கு நேரே வந்ததும் விருந்தினர் எழுந்து நின்றார். இந்த இடத்தில் என்ன கத்த வேண்டும் என்று ரமேஸ் ஐம்பது தடவை பழகியிருந்தான். அவன் வாய் தானாகவே கத்தியது.

"வலப்பக்கம் பார்!"

பதின்மூன்று தலைகளும் படக்கென்று வலப்பக்கம் திரும்பின. ரமேஸ் விறைப்பாக சலூட் அடித்தான்.

மாடு புல்லை மெல்லுவதை நிறுத்திவிட்டு, அவனை நிமிர்ந்து பார்த்தது.

"ம்மா...!"

மைதானமே சிரிப்பில் அதிர்ந்தது. விருந்தினருக்குத் தெரிந்ததெல்லாம் பதின்மூன்று பின்மண்டைகள்தான்.

அடுத்தது நீல இல்லம். சுகிர்தா நுழைவாயில் பக்கம் நின்றாள். 'ரமேஸே தப்பு விட்டுட்டான். நான் எம்மாத்திரம்?' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது.

"இப்ப நாம எந்தப் பக்கம் பாக்கணும்?" என்று இளங்கோ பதறினான்.

"எனக்கும் உடனே தெரியல" என்றாள் சுகிர்தா. "வாங்க, பாத்துருவோம். நடக்கப்போற திசையைப் பாத்து நில்லுங்க. ரெண்டு கையையும் நீட்டுங்க."

பதின்மூன்று பேரும் திரும்பி நின்று, பறக்கப்போகும் கொக்குகளைப் போலக் கைகளை விரித்தார்கள். ஏதோ புதுவிதமான உடற்பயிற்சி என்று நினைத்துக் கூட்டத்திலிருந்து சிலர் கைதட்டினார்கள்.

"மேடை எந்தக் கைப் பக்கம்?"

"நூல் கை!" என்றார்கள் எல்லோரும். ஸிபான் மட்டும் "பணிஸ்" என்று தொடங்கி, தன் கையைப் பார்த்துவிட்டு, "நூல், நூல்" என்று திருத்திக்கொண்டான்.

அவர்களுக்குப் பின்னால் பச்சை இல்லம் நின்றது. அதன் தலைவி அபீபா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளும் வலப்பக்கம்தான் பழகியிருந்தாள்.

சுகிர்தா அவள் பக்கம் திரும்பினாள். லோஜினி சுகிர்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லாத! அவங்க தப்பு விட்டா நாமதான் முதலாவது!"

சுகிர்தா ஒரு கணம் யோசித்தாள். முதலாவது இடம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அபீபாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அபீபா! மேடை மாறிருச்சு. இடப்பக்கம் பாக்கச் சொல்லு!"

அதற்குள் முரசு முழங்கிவிட்டது.

சுகிர்தா நடந்தாள். மேடை கிட்டே வந்தது. ஒரு மூச்சு. விரல் நூலைத் தொட்டது.

"நீல இல்லம்! இடப்பக்கம் பார்!"

அது தன் குரல்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. சரோஜினிதேவி அம்மா முகம் மலர்ந்து பதில் மரியாதை செய்தார். ஒரே ஒரு குறைதான். அந்த நேரம் பார்த்து ஸிபானின் பையிலிருந்து பணிஸ் விழுந்தது. அவன் குனிந்து அதை எடுத்துவிட்டுத்தான் நடந்தான்.

அணிநடையில் பச்சை இல்லம் முதலாவது. நீல இல்லம் ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாவது.

"நீ அவங்களுக்குச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்று லோஜினி முணுமுணுத்தாள்.

"இவன் அந்தப் பணிஸை விட்டுட்டு வந்திருக்கலாம்" என்றான் இளங்கோ.

"விட்டிருந்தா மாடு தின்னிருக்கும்!" என்றான் ஸிபான்.

ரமேஸை எங்கும் காணவில்லை. சுகிர்தா தேடிப்போனாள். வகுப்பறைக்குப் பின்னால் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"நீயும் சிரிச்சதானே?" என்று கேட்டான்.

"சிரிச்சேன்" என்று ஒப்புக்கொண்டாள் சுகிர்தா. "ஆனா ஒண்ணு. உன் அணியில ஒரு தலைகூடத் தப்பாம எல்லாரும் ஒரே நேரத்துல மாட்டைப் பாத்தீங்க. எங்களால அப்படி முடியாது."

ரமேஸ் முறைத்தான். பிறகு அவன் உதடு நடுங்கியது. அழப்போகிறான் என்று சுகிர்தா நினைத்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அந்த மாடு பதில் வேற சொல்லுச்சு!" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

திங்கட்கிழமை சுஜந்தன் சேர் எல்லா அணிகளையும் கூப்பிட்டார். வலய மட்டப் போட்டிக்குப் பள்ளிக்கூடத்தின் சார்பில் ஒரே அணி போக வேண்டும்.

"தலைமைக்கு ஆரைப் போடலாம்?"

"சுகிர்தா!" என்று முதலில் கத்தியது ரமேஸ். அது மலையில் பட்டு இன்னொரு தடவையும் கேட்டது. அபீபா தலையாட்டினாள்.

எல்லோரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள். 'எனக்கு வராது' என்ற சொல் நாக்கு நுனிக்கு வருகிறதா என்று அவள் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை.

"சரி சேர்" என்றாள். "நாளையிலிருந்து பயிற்சி. காலையில ஆறரைக்கு எல்லாரும் இங்க இருக்கணும்."

"ஆறரைக்கோ?" சுஜந்தன் சேர் திடுக்கிட்டார். "நானுமோ, பிள்ளை?"

"நீங்க ஆறு மணிக்கே வந்துருங்க சேர்" என்றாள் தலைவி.