நாலு ரிப்போர்ட்டும் நார்மல்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஞானையன் எடுக்கவில்லை. அதுவாக ஓயட்டும் என்று நாற்காலியில் சாய்ந்தார். 2006 மே மாத வெயில். ஓய்வு பெற நாற்பது நாள் பாக்கி. யார் எக்கேடு கெட்டால் அவருக்கென்ன!

போன் ஓயவில்லை. கான்ஸ்டபிள் ஐயப்பன்தான் எடுத்துக் கேட்டார்.

"சாரே... ஆஸ்பத்திரியில பெரிய பஹளம், அடிதடி. ஆரியசாலை வத்தல் வியாபாரி பிச்சைக்கனி மரிச்சுப்போயி. டாக்டர்தான் கொன்னதுன்னு தம்பிக்காரன் பராதி சொல்றான். கண்ணாடியெல்லாம் உடைச்சாச்சு."

ஞானையன் பெருமூச்சு விட்டுத் தொப்பியைத் தேடினார்.

ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் டாக்டர் அனுஷாவின் கோட்டுக் கை கிழிந்திருந்தது. அழுது ஓய்ந்த முகம்.

"கேன்சர்ல போனாரா டாக்டரே?"

"இல்ல சார். கேன்சர் நல்லா அடங்கியிருந்துச்சு. கல்லீரல் போயிடுச்சு."

"நீங்க கொடுத்த மருந்தாலயா?"

"ஆமா."

ஞானையன் நிமிர்ந்தார். முப்பது வருஷ சர்வீஸில் யாரும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை!

"புது மருந்து சார். பி-செல்னு ரத்தத்துல ஒரு அணு. கேன்சர் அதிலதான். மருந்து அதைத் தேடிப் பிடிச்சு அழிக்கும். ஆனா உடம்புக்குக் காவலும் அதுதான். பழைய காமாலைக் கிருமி உள்ள உறங்கிட்டிருந்தா, காவல் போனதும் எழும்பிரும். கிருமி இருக்குன்னு தெரிஞ்சா அதுக்கு மாத்திரை கொடுத்துட்டுத்தான் மருந்தைத் தொடங்குவேன்."

"டெஸ்ட் பண்ணலையா?"

நாலு தாள்களை நீட்டினாள். "முதல்ல கிருமி டெஸ்ட். அப்புறம் மூணு மாசமும் கல்லீரல் டெஸ்ட். எல்லாம் நார்மல். ஆனா இன்னைக்கு எடுத்த ரத்தத்துல கிருமி கொள்ளையா இருக்கு. என்னை யாரு நம்புவா சார்? லைசென்ஸ் போயிரும். ஜெயிலும் உண்டல்லே..."

ஞானையன் அந்தத் தாள்களையும் மேஜையில் கிடந்த கேஸ் ஷீட்டையும் புரட்டினார்.

புரட்டிய கை நின்றது.

"மனுஷனுக்கு ரத்த குரூப் மாறுமா டாக்டரே?"

"மாறாது சார்."

"இதுல ஓ பாசிட்டிவ். இன்னைக்குக் காலையில நீங்க ரத்தம் ஏத்தின சீட்டுல பி பாசிட்டிவ்."

அனுஷா வாங்கிப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கிருமி வரியை மட்டும்தான் பாத்தேன் சார். குரூப்பைப் பாக்கவே இல்ல. தப்பு என் மேலயும் இருக்கு."

தம்பி செல்வகணேஷ் உள்ளே அழைக்கப்பட்டான்.

"உன் ரத்தம் என்ன குரூப்பு தம்பி?"

"ஓ பாசிட்டிவ் சார்."

சொன்ன பிறகுதான் அவர் கையிலிருந்த தாள்கள் அவன் கண்ணில் பட்டன.

"அண்ணன்தான் சார் இப்படிச் செய்யச் சொன்னாரு. அவருக்குப் பத்து வருஷம் முன்னாடி காமாலை வந்தப்பவே கிருமி தங்கிருச்சுன்னு சொல்லிட்டாங்க. அண்ணன் மக கௌசல்யாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சிருக்கு. லேபு மாப்பிள்ளையோட சித்தப்பாவுக்குள்ளது. வேற லேபுக்குப் போனா சம்பந்தி கோவிச்சுக்குவாரு. அங்க கொடுத்தா விஷயம் வெளிய வந்துரும்."

"கேன்சர் தெரியலாம், இது தெரியக் கூடாதா?"

"கேன்சர்னா பாவம்னு சொல்லுவாங்க சார். இதுன்னா பொண்ணுக்கும் இருக்கான்னு கேப்பாங்க."

"அதுக்கு?"

"ரத்தம் எடுக்க லேபு பையன் கடைக்கு வருவான். கல்லாவுல இருக்கிறவருதான் முதலாளின்னு அவன் நெனப்பு. நான் கல்லாவுல உக்காந்து கையை நீட்டினேன்."

"மாசாமாசமும்?"

"நாலு தடவையும் நான்தான் சார்."

அனுஷா கண்ணை மூடிக்கொண்டாள். "இவ்வளவு நாளும் நான் உங்க கல்லீரலைத்தான் பாத்துட்டிருந்தேன். எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா ஒரு மாத்திரை எழுதியிருப்பேனே..."

"கிருமி இருந்தா மருந்தே தர மாட்டீங்கன்னு அண்ணன் பயந்தாரு."

செல்வகணேஷ் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். திட்ட நினைத்த ஞானையனுக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. கொன்றவன், செத்தவன், இரண்டு பேரும் ஒரே ஆள்!

"நீங்க வீட்டுக்குப் போங்க டாக்டரே. உங்களைத் தேடி யாரும் வர மாட்டோம்."

எஃப்.ஐ.ஆரில் 'பிரதி', அதாவது குற்றவாளி, என்ற இடம் காலியாக இருந்தது. ஐயப்பன் பேனாவோடு தயங்கினார்.

"பிரதின்னு யாரு பேரை எழுதட்டும் சாரே?"

"பிச்சைக்கனின்னு எழுதும். ஆளு தலைமறைவு... தேட வேண்டாம்னும் சேர்த்து எழுதும்!"