ஆறாவது எர்த் ஒயர்

கார் பேட்டரியில் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் மூன்று முறை சொல்லியிருந்தான். மூன்று முறையும் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டிய கண்ணாடிக்காரர், நேராகப் போய் பிளஸ்ஸில் ஸ்பேனரை வைத்தார். ஸ்பேனரின் வால் காரின் உடம்பைத் தொட்டது. முகத்துக்கு நேரே யாரோ போட்டோ எடுத்ததுபோல ஒரு நீல வெளிச்சம். கையிலிருந்து தெறித்த ஸ்பேனர் என்ஜினுக்கு அடியில் எங்கோ போய் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.

நல்லவேளை, பார்க்க யாரும் இல்லை. அறுபத்திரண்டு வயதில் தன் மானத்தைக் காப்பாற்ற இப்படி கார் நிறுத்தும் ஒரு காலியான தரைத்தளம் கிடைத்ததே என்று உள்ளங்கையை ஊதிக்கொண்டார்.

அப்போதுதான் காருக்குள் மணி அடித்தது.

டிங். டிங். டிங்.

சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

‘ஷார்ட் ஆகியிருக்கும்’ என்று சொல்லிக்கொண்டார். மணியும் அதை ஒப்புக்கொண்டதுபோல நின்றது. வேறொரு ஸ்பேனர் எடுத்து, இந்தமுறை ஒழுங்காக மைனஸைக் கழற்றி, பிறகு பிளஸ்ஸையும் கழற்றி, இரண்டையும் துணி சுற்றி ஒதுக்கினார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் வரை அந்த மணி கிடையாது. முப்பத்து நாலு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் மற்றவர்களின் பார்வையை அளந்தவர் அவர். ‘இது தெளிவா இருக்கா, அதுவா?’ என்று ஒரு லட்சம் தடவை கேட்டிருப்பார். ‘ரெண்டும் ஒண்ணுதான் சார்’ என்பார்கள். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாத உலகம் என்று அலுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மனைவி அந்த உலகத்துக்கே தலைவி.

"பெல்ட் மாட்டியாச்சா?" என்பார் காரை எடுக்கும்போது.

"போங்க, போங்க."

மாட்டியிருக்க மாட்டாள். துணி கசங்கும். தூரத்தில் போலீஸ் தலை தெரிந்தால் மட்டும் பெல்ட்டைச் சரசரவென்று இழுத்து, பூட்டாமல், நெஞ்சுக்குக் குறுக்கே கையால் பிடித்துக்கொண்டு, உலகத்திலேயே சாதுவான முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். கடைசி நாளும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தார். சிரிப்பு வந்தது. அன்றைக்கு மட்டும் ‘மாட்டு’ என்று சொல்லவில்லை. வளைவில் நின்றிருந்த லாரியை மட்டும் பார்த்திருந்தால் போதும். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பட்டறையிலிருந்து வண்டி திரும்பி வந்த நாளிலிருந்து, கிளப்பியதும் மணி அடித்தது. பக்கத்துக் காலி இருக்கையின் பெல்ட்டை மாட்டினால் நின்றது. ஆகவே மாட்டினார். மாட்டிவிட்டு, கோணல் புத்தி, "இப்ப மட்டும் போட்டுக்கறியே" என்று பேசவும் ஆரம்பித்தார். யார் கேட்கப்போகிறார்கள்?

மகள் கேட்டாள். போன தடவை வந்தபோது குழந்தையோடு பின்னால் உட்கார்ந்திருந்தவள், மணி அடித்ததும் வெளுத்துப்போனாள். "அப்பா, அடிக்கிறது அம்மா சீட்டு." பாதி வழியில் இறங்கிவிட்டாள். இன்று ஆறு மணி ரயிலில் மறுபடி வருகிறாள். நேற்றே போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அந்தச் சத்தம் நின்னாத்தான் அந்த வண்டியில ஏறுவேன். இல்லன்னா ஸ்டேஷன்லேருந்து நேரா என் நாத்தனார் வீடுதான். கோவிச்சுக்காதீங்கப்பா."

எட்டு மாதமாக ஒரே ஒரு தட்டு கழுவிக்கொண்டிருக்கும் மனிதர் கோபித்துக்கொள்வாரா? எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டிருந்தார் போன வாரம். அவன் அந்த இருக்கைக்கு அடியில் டார்ச்சோடு பத்து நிமிடம் படுத்திருந்தான். வெளியே வந்து கையை வெகுநேரம் துடைத்தான்.

"என்னப்பா?"

"எர்த் சார்."

"அப்படின்னா?"

"போன கரண்டு பேட்டரிக்குத் திரும்பி வரணும்ல. வர்ற வழி சரியில்லன்னா கண்ட இடத்துல புகுந்து வரும். எர்த் ஒயர் ஒரு ஆறு புதுசா போடுங்க."

"போட்டா நின்னுடுமா?"

"போட்டுப் பாருங்க சார்."

"நீயே போடேன்."

"இல்ல சார், நீங்களே செய்யலாம். பொறுமையான வேலை. பொழுதும் போகும்."

அப்படித்தான் இந்த மதியம் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, விரல் தடிமனுள்ள செம்பு ஒயரை வெட்டி, முனையில் கறுப்பு ரப்பரை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே நூற்றுக்கணக்கான இழைகள், வாரிவிட்ட தலைமுடிபோல மினுங்கின. அவற்றை முறுக்கி, துளை வைத்த செம்புக் குப்பியில் செருகி, குறட்டால் இறுக்கி நசுக்கி, மேலே ரப்பர் உறையை ஏற்றிச் சூடு காட்டினால் அது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். சூடு காட்ட லைட்டர் சரிப்படவில்லை. உறையைவிட விரல்தான் அதிகம் வெந்தது. மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து வந்து தூணில் இருந்த பிளக்கில் செருகினார். எட்டு மாதம் யாரும் தொடாத டிரையர். முதலில் அவளுடைய ஷாம்பு வாசனை வந்தது, ஈரத்தோடு, இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல. அதற்குப் பின்னால், வலையில் சிக்கியிருந்த முடி கருகும் நாற்றம்.

மூச்சை அடக்கிக்கொண்டு ஐந்து ஒயரை முடித்தார்.

அந்தத் தளத்து விளக்குகள் ஆள் அசைந்தால் எரியும், இரண்டு நிமிடம் யாரும் அசையாவிட்டால் அணையும். குறட்டும் கையுமாகக் குனிந்திருக்கும்போதெல்லாம் பொசுக்கென்று இருட்டிவிடும். உடனே எழுந்து, ரயிலில் போகிற யாருக்கோ டாட்டா காட்டுவதுபோல இரண்டு கையையும் ஆட்டுவார். முதல் ஒயருக்கு நான்கு தடவை ஆட்டினார். இரண்டாவதுக்கு மூன்று.

மூன்றாவதுக்கு ஆட்டவில்லை. நான்காவதுக்கும். ஐந்தாவதுக்கும்.

ஆறாவதை மடியில் வைத்திருந்தபோதுதான் அது உறைத்தது. விளக்கு அணையவே இல்லை.

அசையாமல் உட்கார்ந்தார். மனதுக்குள் எண்ணினார். நூற்று இருபது. எங்கோ குழாயில் தண்ணீர் இறங்கி ஓய்ந்தது. இருநூறு. முட்டி மரத்துப்போனது. முந்நூறு. தலைக்கு மேல் குழல்விளக்கு இம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் அசையவில்லை.

எதிரே கார். தூக்கி நிறுத்திய பானெட் முன்கண்ணாடியை முழுக்க மறைத்திருந்தது.

போன் அதிர்ந்தது. மகளின் செய்தி: ‘இன்னும் அரை மணி நேரத்துல ஸ்டேஷன். சரியாயிடுச்சுன்னா நானும் பாப்பாவும் முன்னாடியே உக்காந்துக்கறோம்.’

‘சரியாயிடுச்சும்மா’ என்று அடித்து அனுப்பினார். ஐந்து ஒயர்தான் முடிந்திருந்தது. அதனால் என்ன, அது முக்கால் உண்மை. எழுந்து, பெயின்ட்டைத் தேய்த்துப் பளிச்சிட வைத்திருந்த இடங்களில் ஒவ்வொன்றாக முடுக்கினார். என்ஜினிலிருந்து உடம்புக்கு. கியர் பெட்டியிலிருந்து உடம்புக்கு. ஆறாவதையும் அவசரமாக முடித்து, அதன் ஒரு முனையை உடம்பில் முடுக்கினார். மறுமுனை பேட்டரியின் மைனஸுக்கு. அதைக் கையில் எடுத்தார்.

டிங்.

கை நின்றது.

டிங். டிங்.

பேட்டரியைப் பார்த்தார். பிளஸ்ஸில் ஒன்றுமில்லை. மைனஸில் ஒன்றுமில்லை. துணி சுற்றிய பழைய முனைகள் ஓரமாகக் கிடந்தன. ஒரு சொட்டு மின்சாரம் போக வழியில்லை. வரவும் வழியில்லை.

டிங். டிங். டிங்.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, பேட்டரி கழட்டிக் கிடக்கு. ஆனா அடிக்குது."

அந்தப் பக்கம் ஏதோ கருவியைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "சார், நீங்க மேல வீட்டுக்குப் போங்க."

"எதுக்கு?"

"ஒரு டீ போட்டுக் குடிங்க. நான் வந்து பாக்கறேன்."

"டீ கிடக்கட்டும். என் பொண்ணு வரா. குழந்தையோட அந்த சீட்டுல உக்காரப்போறா. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன், நேரா பதில் சொல்லுப்பா. இது எர்த்தா, இல்லையா?"

நீளமாக ஒரு மூச்சு கேட்டது.

"இல்ல சார்."

டிங்.

"எர்த்துக்கு ஒண்ணுமில்ல. உங்க வண்டியில பக்கத்து சீட்டுக்கு சென்சாரே வைக்கல சார். பெல்ட் பூட்டுக்கு ஒயரே போகல. அங்கேருந்து மணி அடிக்கவே முடியாது. தனியா இருக்கீங்க, கைக்கு ஒரு வேலை இருந்தா நல்லதுன்னுதான் ஒயர் செய்யச் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க."

"அவ்வளவுதானா?"

"நான் அடியில படுத்திருந்தேன்ல."

"ஆமா."

"அப்ப சீட்டு அமுங்கிச்சு சார். என் மூக்கு மேல. யாரோ மெதுவா உக்கார்ற மாதிரி."

போன் காதிலேயே இருந்தது. அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மறுகை தானாகப் போய் பானெட்டைத் தாங்கும் கம்பியை விடுவித்தது. பானெட் கீழே இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடி தெரிந்தது. ஸ்டியரிங். காலியான ஓட்டுநர் இருக்கை.

பக்கத்து இருக்கை.

பெல்ட் வெளியே இழுபட்டிருந்தது. தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே, அந்தரத்தில், விறைப்பாக. பூட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் அதன் இரும்பு நாக்கு நின்றது.

பூட்டப்படவில்லை. பிடிக்கப்பட்டிருந்தது.

ரொம்ப நேரம் பிடித்துக் கை ஓய்ந்ததுபோல, லேசாக நடுங்கிக்கொண்டு.