புட்டி நிறையப் பால்!

"அய்யோ... சிஸ்டர்!"

பால் கலக்கும் அறையிலிருந்து அலறல்!

சிஸ்டர் ஓடினாள். கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எலும்பும் தோலுமான மூன்று மாதக் குழந்தையை அணைத்தபடி அதன் தாய் சுவரோடு ஒட்டி நின்றாள். காலடியில் டாக்டர்... கழுத்து அறுபட்டு!

ஊட்டச்சத்து இல்லாத குழந்தைகளுக்கான இந்த வார்டுக்குப் பணம் தரும் அறக்கட்டளை, சோதனைக்கு அனுப்பிய டாக்டர். காலையில்தான் வந்திருந்தார்.

"யாரும் எதையும் தொடாதீங்க!"

வாசலில் ஒரு வெள்ளைக்கோட்டு ஆசாமி.

"நானும் அறக்கட்டளை டாக்டர்தான். போலீஸை நான் பாத்துக்கறேன், ரிப்போர்ட்டும் நானே எழுதிடறேன். என்ன இந்தக் குழந்தை இப்படி இருக்கு? புட்டி நிறையக் கெட்டிப் பாலா குடுங்க!"

சிஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டினியில் வாடிய குழந்தைக்கு முதல் சில நாள் தண்ணிப் பால்தான். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வயிறு முட்டக் கொடுத்தால் இதயமே நின்றுவிடும். இது தெரியாதவன் டாக்டரா?

"நீங்க எந்த காலேஜ்ல படிச்சீங்க?"

பதிலுக்குக் கத்தி வந்தது!

தோளைக் கிழித்தது. ரத்தம் பீறிட்டது. சிஸ்டர் கைக்கு அகப்பட்ட பால் பவுடர் டின்னைத் தூக்கி அவன் மண்டையில் இறக்கினாள்.

ணங்!

மண்டை பிளந்தது. டின்னும் திறந்துகொண்டது. கொட்டியது... மைதா மாவு!

அடப்பாவிகளா, பச்சைக் குழந்தை வயிற்றிலா அடித்தீர்கள்?

வார்டு மேனேஜர் ஓடி வந்தார். சிஸ்டருக்குப் போன உயிர் திரும்பியது.

"சார்! போலீஸுக்கு..."

மேனேஜர் கதவைத் தாழ் போட்டார்!

"எந்திரி மச்சான்." கிடந்தவனை உதைத்தார். "ஒரு டாக்டர் வேஷம் உருப்படியா போடத் தெரியல உனக்கு!"

மச்சான் அசையவில்லை. மேனேஜர் கத்தியை எடுத்துக்கொண்டார்.

"பால் பவுடரை வித்துட்டு மாவை அடைச்சது நீங்கதானா?"

"டாக்டரும் இதையேதான் கேட்டார். ரிப்போர்ட் போனா ஃபண்ட் நிக்கும். ஃபண்ட் நின்னா இத்தனை குழந்தையும் சாகும். பரவாயில்லையா சிஸ்டர்?"

சிஸ்டர் ஒரு கணம் தடுமாறினாள். கத்தி தொண்டைக்கு வந்துவிட்டது.

"எம்புள்ளைக்கு மாவையாடா கரைச்சு ஊத்தின?"

தாய்! ஒரு கையில் குழந்தை, மறு கையில் கெட்டில். கொதிநீர் மொத்தமும் மேனேஜரின் முகத்தில்!

அவர் போட்ட கூச்சலில் வார்டே கிடுகிடுத்தது. சுருண்டு விழுந்தார்.

சிஸ்டர் போலீஸுக்குச் சொன்னாள். பிறகு அறக்கட்டளைக்குப் போன்.

"மேடம்... உங்க டாக்டரைக் கொன்னுட்டாங்க. ரிப்போர்ட் வராது. ஆனா ஃபண்டை நிறுத்திடாதீங்க மேடம்... குழந்தைங்க செத்துடும்!"

அழுதேவிட்டாள்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு...

"ரிப்போர்ட் மத்தியானமே வந்துடுச்சும்மா. 'ஃபண்டை ரெண்டு மடங்கு ஆக்குங்க, மேனேஜரை மட்டும் மாத்திடுங்க'ன்னு எழுதியிருக்கார்!"

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையில் சுருண்டு கிடந்த மேனேஜரைப் பார்த்தாள்.

"மாத்திட்டோம் மேடம்... முகத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கோம்!"