இரண்டாவது இணைப்பு

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல். அசாம் ஜாவா ஊரைத் தாண்டி உள்ளே இருந்த செம்பனைத் தோட்ட அலுவலகத்தில், மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரின் அறைக்கென வந்த புதிய திரையைப் தலைமை எழுத்தரான பெரிய கிராணி வீரசிங்கம் நான்காம் முறையாகக் கணினியோடு இணைத்துப் பார்த்தார். நான்காம் முறையும் அதே பதில்தான் வந்தது. இடமில்லை, இருவர் உள்ளே இருக்கிறார்கள்.

அந்தக் கணினிக்குள் ஒரே நேரத்தில் இருவர்தாம் நுழைய முடியும். ஒருவர் அவர். இன்னொரு திரை எடைமேடைக் கொட்டகையில் இருந்தது. அதில் வேலை செய்தவன் அவர் தம்பி துரைசிங்கம். தஞ்சோங் காராங் வாய்க்காலில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவனின் உடலை மறுநாள்தான் எடுத்தார்கள். இன்று முப்பதாம் நாள்.

வீரசிங்கம் கிள்ளானில் இருந்த கணினிக்காரர் அர்ஜுனனைத் தொலைபேசியில் பிடித்தார்.

“உள்ள யாரு இருக்கான்னு பட்டியல்ல பாருங்க சார்.”

பார்த்தார். “என்ர பேர். கீழ தம்பியின்ர பேர் கிடக்குது.”

“அவரு பேர இன்னுமா அழிக்கல?”

“அந்தியேட்டிச் சடங்கு நாளைக்குத்தான். முப்பத்தொண்டு முடியட்டும் எண்டு விட்டனான்.”

“மெஷினுக்கு முப்பத்தொண்ணெல்லாம் தெரியாது லா. கொட்டகை வயரு ஒட்டிக்கிட்டு இருக்கும், கழட்டுங்க.”

“எட்டுச் செலவுச் சடங்கண்டே கழட்டியாச்சு. சுருட்டி என்ர காலடியிலதான் கிடக்குது.”



“அப்ப பேரையே அழிச்சிருங்க சார்,” என்றார் அர்ஜுனன், குரலைத் தணித்து. பிறகு வைத்துவிட்டார்.

தகரக் கூரையில் மழை இரைந்தது. ஆலையிலிருந்து வந்த வெந்த செம்பனைப் பழத்தின் வாடை ஈரத்தோடு சேர்ந்து அறைக்குள் கனத்து நின்றது. பச்சை எழுத்தில் மினுங்கிய அந்தப் பெயரைப் பார்த்தபடி அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தம்பி உள்ளே இருக்கிறான் என்று சொல்ல உலகத்தில் அந்த ஒரு வரிதான் மிச்சம். அதையும் அழித்தால் அவன் எங்கும் இல்லை.

அழித்தார்.

புதிய திரை உடனே உயிர்பெற்றது. எல்லாம் சரியாகிவிட்டது. அவர் எழுந்து குடையை எடுத்தார்.

பின்னால் கணினி ஒருமுறை கீச்சிட்டது. யாராவது நுழையப் பார்த்து முடியாமல் போனால் அது அப்படித்தான் ஒலிக்கும்.

பெயர்: துரைசிங்கம். அனுமதி இல்லை.

மீண்டும் கீச்சொலி. அதே பெயர். அதே பதில். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அவர் பெயரைத் திரும்பச் சேர்க்கப் பார்த்தார். கணினி ஏற்கவில்லை. ஒருமுறை அழித்த பெயரை அது மறுபடி வாங்காது.

பிறகு நின்றது.

மழை மட்டும்.

அவர் மூச்சுவிட்டார். திரையில் ஒரு புது வரி விழுந்தது. ஒவ்வொரு எழுத்தாக. மெதுவாக.

பெயர்: அண்ணா. அனுமதி இல்லை.

பெயர்: அண்ணா. அனுமதி இல்லை.

பெயர்: அண்ணா.